இறக்குமதி வரி கடைசியில் யார் கையைக் கடிக்கும்?

கேள்வி: "அமெரிக்கா 2025-இல் நம் சரக்குக்கு 50% வரி போட்டதே, அந்தப் பணத்தை யார் கட்டினார்கள்? நாமும் வெளிநாட்டுச் சரக்கு எல்லாவற்றுக்கும் அதேபோல் போட்டால் உள்ளூர் ஆட்கள் பிழைப்பார்கள்தானே? அப்பா மதுரையில் பரோட்டா கடை வைத்திருக்கிறார். எண்ணெய் விலை ஏறும் என்கிறார்கள், கார்த்திகைக்கு முன்னால் டின் வாங்கி அடுக்கிவிடலாமா என்று கேட்கிறார்."

தம்பி, அப்பாவின் கேள்விதான் இதில் கஷ்டமானது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

தூத்துக்குடியில், துறைமுகத்தில் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் 11 வருடம் இருந்தேன். இப்போது மதுரையில் சின்னக் கம்பெனிகளுக்கு இறக்குமதி, ஏற்றுமதிக் காகித வேலை பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இறக்குமதி வரியைச் சரக்கை அனுப்பும் நாடு கட்டுவதில்லை. கன்டெய்னர் வந்து இறங்கியதும் இங்கே இருக்கும் இறக்குமதியாளர் பில் ஆஃப் என்ட்ரி என்ற சுங்கப் படிவம் போட்டு, தன் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கட்டித்தான் சரக்கை வெளியே எடுக்க முடியும். கட்டாமல் விட்டால் சரக்கு யார்டிலேயே கிடக்கும், நாளுக்கு நாள் டிமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். சீனாக்காரனோ மலேசியாக்காரனோ அந்தப் பக்கமே வரமாட்டான்.

கணக்கைப் பாருங்கள். சரக்கு, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 100 ரூபாய். அடிப்படைச் சுங்க வரி 10% என்றால் 10 ரூபாய். அந்த 10 ரூபாய்க்கு 10% சமூக நலக் கூடுதல் வரி, அதாவது 1 ரூபாய். ஆக 111. இதன் மேல் 18% ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்கான ஜிஎஸ்டி போட்டால் 130 ரூபாய் 98 காசு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரி அந்த 19 ரூபாய் 98 காசைப் பிறகு கிரெடிட்டாகக் கழித்துக்கொள்வார். சுங்க வரி 11 ரூபாய் திரும்பி வராது. அது சரக்கின் அடக்க விலையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மொத்த வியாபாரி தன் லாபத்தை 100-க்குப் போடமாட்டார், 111-க்குத்தான் போடுவார். சில்லறைக் கடைக்காரர் அதற்கும் மேல் போடுவார். துறைமுகத்தில் 11 ரூபாயாகக் கிளம்பியது உங்கள் வீட்டுக்கு வரும்போது 14, 15 ஆகியிருக்கும். வாங்குகிறவர் கையில் இருக்கும் பில்லில் ஜிஎஸ்டி தனி வரிசையில் இருக்கும். சுங்க வரிக்கு ஒரு எழுத்துகூட இருக்காது. அரசுகளுக்கு இந்த வரி பிடித்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

வரி விலையோடு எப்படி ஓடுகிறது என்பதை மதுரைக்காரர்கள் ஒருமுறை நேரிலேயே பார்த்தோம். 2022 ஜூலையில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15% ஆக்கினார்கள். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் 6% ஆகக் குறைத்தார்கள். அன்றைக்கே சவரனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் இறங்கியது. மறுநாள் தெற்கு ஆவணி மூல வீதியில் நடக்க இடமில்லை. அதற்கு முந்தின வாரம் மகள் கல்யாணத்துக்கு நகை எடுத்துவிட்ட என் நண்பர் ஒருவர் அந்தத் தெருப் பக்கம் ரொம்ப நாள் போகவே இல்லை.

எல்லாச் சரக்கிலும் இப்படி நடப்பதில்லை. தங்கத்துக்குத் தினமும் ரேட் போர்டு இருக்கிறது, ஊரெல்லாம் ஒரே விலை, யாராலும் மறைக்க முடியாது. சமையல் எண்ணெய்க்கு அப்படி இல்லை. ஏறும்போது ஆட்டோவில் ஏறும், இறங்கும்போது மாட்டுவண்டியில் இறங்கும்.

உங்கள் கடை சம்பந்தப்பட்டது என்பதால் எண்ணெயைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இந்தியாவுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. 2024 செப்டம்பர் 13 இரவு ஓர் அறிவிப்பு வந்தது, மறுநாள் முதல் அமல். கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்குச் செஸ் எல்லாம் சேர்த்து 5.5% இருந்த வரி 27.5% ஆனது. சுத்திகரித்த எண்ணெய்க்கு 13.75% இருந்தது 35.75% ஆனது. இரண்டிலும் 22 சதவீதப் புள்ளி ஏற்றம். கணக்குக்காகக் கப்பலில் வரும் விலை கிலோ 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு 20 ரூபாய், 15 கிலோ டின்னுக்கு 300 ரூபாய். ஒரு நாளைக்கு ஒரு டின் காலியாகும் கடைக்கு மாதம் 9,000 ரூபாய்.

அந்த 300 ரூபாயைப் பரோட்டாவின் மேல் எப்படி ஏற்றுவது? ஒரு பரோட்டாவுக்கு இருபது, முப்பது காசுதான் வரும். காசுக் கணக்கில் விலை ஏற்ற முடியாது. ஏற்றினால் இரண்டு ரூபாயாக ஏற்ற வேண்டும், அல்லது மாவு உருண்டையைச் சிறிதாக்க வேண்டும். எங்கள் தெரு முனைக் கடையில் உருண்டைதான் சிறிதானது. மாஸ்டர் வீசி விரித்துத் தட்டில் போடும்போது சுற்றளவில் வித்தியாசம் தெரியவில்லை. பிய்த்தால்தான் தெரிந்தது, அடுக்கு குறைந்திருந்தது. சால்னாவை மட்டும் இன்னொரு கரண்டி தாராளமாக ஊற்றினார்கள்.

பழைய வரியில் வந்த சரக்கு சுமார் 30 லட்சம் டன் நாட்டில் இருக்கிறது, ஒன்றரை மாதத்துக்குப் போதும், அது தீரும்வரை எம்ஆர்பியை ஏற்றாதீர்கள் என்று எண்ணெய்க் கம்பெனிகளிடம் மத்திய அரசு சொன்னது. ஆனால் கீழமாசி வீதியில் மொத்தச் சரக்கு எடுக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். குடோனில் இருக்கும் சரக்கை எந்த விலைக்கு வாங்கினோம் என்று வியாபாரி பார்ப்பதில்லை. அடுத்த லோடு எந்த விலைக்கு வரும் என்றுதான் பார்ப்பார். அதைப் பேராசை என்று சொல்லிவிடவும் முடியாது. இன்றைக்குப் பழைய விலைக்கு விற்றுவிட்டால் அந்தப் பணத்தில் நாளைக்கு அதே அளவு சரக்கு எடுக்க முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே மாதங்களில் உலகச் சந்தையிலும் பாமாயில் ஏறியது. முழுப் பழியையும் வரி மேல் போடுவது நியாயமில்லை.

சரி, அந்த வரியால் விவசாயிக்காவது கிடைத்ததா? மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா பக்கம் சோயா விலை விழுந்துகிடந்தது. அதைத் தூக்கிவிடத்தான் இந்த ஏற்பாடு. அந்த வருடம் சோயாவுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். வரி ஏறிய பிறகும், அறுவடைக் காலத்தில் மண்டி விலை அதைத் தொடவில்லை. சோயாவை ஆட்டினால் எண்ணெயைவிடப் பிண்ணாக்குதான் பல மடங்கு அதிகம் வரும். பிண்ணாக்கு விலை படுத்துவிட்டால் எண்ணெய்க்கு மட்டும் வேலி போட்டு என்ன பயன்? கடைசியில் 2025 மே மாதக் கடைசியில் கச்சா சமையல் எண்ணெய் வரியை 16.5% ஆக இறக்கினார்கள். சுத்திகரித்த எண்ணெய்க்கு 35.75% அப்படியே நின்றது. இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி வைத்தது நம் ஊர் ரிஃபைனரிகளுக்கு வேலை கொடுக்க. அதில் எனக்குக் குறை இல்லை.

வரி போட்ட சரக்கு மட்டும்தான் ஏறும் என்று நினைக்கவேண்டாம். 2018 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு வாஷிங் மெஷினுக்கு வரி போட்டது. பிறகு மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் கடை விலைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். வாஷிங் மெஷின் சுமார் 12%, அதாவது 86 டாலர் ஏறியிருந்தது. எதிர்பார்த்ததுதான். ஆனால் துணி காயவைக்கும் டிரையருக்கு வரியே இல்லை, அதுவும் 92 டாலர் ஏறியிருந்தது. அங்கே இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள். வாஷிங் மெஷினில் முழுவதையும் காட்டினால் ஆள் ஓடிவிடுவான் என்று பாதியை டிரையரில் வைத்துவிட்டார்கள். உள்நாட்டிலேயே செய்த மெஷினும் சேர்ந்து ஏறியது. புதிதாக 1,800 பேருக்கு வேலை கிடைத்தது என்று கணக்கிட்டார்கள். அந்த ஒவ்வொரு வேலைக்கும் வாங்குகிறவர்கள் மொத்தமாகக் கொடுத்தது வருடத்துக்கு 8 லட்சம் டாலருக்கு மேல்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். 2025 ஆகஸ்ட் 7 முதல் 25%, ரஷ்யாவின் பெட்ரோலிய எண்ணெய் வாங்குகிறோம் என்ற காரணத்தைச் சொல்லி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25%. ஆக 50%. இதைக் கட்டியது நியூயார்க்கிலோ ஹூஸ்டனிலோ இருக்கும் அமெரிக்க இறக்குமதியாளர். 2018, 2019-இல் சீனச் சரக்குக்குப் போட்ட வரிகளை மேரி அமிட்டி, ஸ்டீபன் ரெடிங், டேவிட் வைன்ஸ்டீன் என்ற மூவர் ஆராய்ந்தார்கள். சீனாக்காரர்கள் விலையைக் குறைக்கவில்லை, கிட்டத்தட்ட முழு வரியும் அமெரிக்கர்கள் தலையில்தான் விழுந்தது என்று கண்டார்கள். அமெரிக்க அரசுக்கும் இது தெரியும். அதனால்தானோ என்னவோ, 50% என்று அறிவித்தபோதே கைபேசியையும் மருந்தையும் விட்டுவிட்டார்கள். இந்தியா கட்டுகிற பணமாக இருந்தால் அவற்றை ஏன் விடவேண்டும்?

அப்படியானால் நமக்கு நஷ்டம் இல்லையா? இருக்கிறது. காரணம் வேறு. அதே ஆகஸ்டில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20%, பாகிஸ்தானுக்கு 19%. எல்லோருக்கும் ஒரே விகிதம் என்றால் அமெரிக்கக் கடையில் விலை ஏறும், ஆர்டர் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நமக்கு மட்டும் 30 புள்ளி அதிகம் என்றால் ஆர்டர் டாக்காவுக்குப் போய்விடும். நான் காகிதம் பார்க்கும் ஒரு சின்ன யூனிட், கிச்சன் டவலும் ஏப்ரனும் தைத்து அனுப்புகிறவர்கள். செப்டம்பரில், சரக்கு வாங்கும் அமெரிக்கப் பார்ட்டியிடமிருந்து மெயில் வந்தது. வரியில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், 15% தள்ளுபடி கொடுங்கள், இல்லையென்றால் அடுத்த சீசனுக்கு யோசிக்க வேண்டும் என்று. இந்த யூனிட்டுக்கு நூற்றுக்கு ஆறோ ஏழோதான் லாபம் நிற்கும். ஏற்கெனவே வெட்டிவைத்த துணிக்கு மட்டும் நஷ்டத்தில் தைத்துக் கொடுத்தார்கள். 40 தையல் மெஷினில் 22 இப்போது உறை போட்டு மூடியிருக்கிறது.

இதில் பணத்தைவிடக் காகிதம் பெரிய தொல்லையான கதையும் உண்டு. 800 டாலருக்குள் வரும் பார்சலுக்கு அமெரிக்காவில் வரி கிடையாது என்ற சலுகையை ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டார்கள். வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்பது தெளிவாகாததால் விமானக் கம்பெனிகள் தபாலை ஏற்ற மறுத்தன. இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பார்சல் சேவையை ஆகஸ்ட் 25 முதல் தபால் துறை நிறுத்தியது. 100 டாலருக்குள் இருக்கும் அன்பளிப்பு போகலாம் என்று முதலில் சொன்னார்கள், மாதக் கடைசியில் அதுவும் நின்றது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மகள் டெக்சாஸில் இருக்கிறாள், முதல் பிரசவம் முடிந்த வருடம். அக்கா பேத்திக்கு ஒரு சுங்குடிப் பாவாடை, தேன்குழல், பருப்புப் பொடி, அப்பளக் கட்டு எல்லாம் பொட்டலம் கட்டி வைத்திருந்தார். தனியார் கூரியரில் கேட்ட கட்டணம் பொட்டலத்தின் விலையைப்போல மூன்று மடங்கு. அக்டோபர் 15-இல் தபால் சேவை திரும்பத் தொடங்கியது. தீபாவளி 20-ஆம் தேதி. தேன்குழலை நாங்கள் சாப்பிட்டோம். பாவாடை தீபாவளிக்குப் பிறகு போனது.

இப்போது இரண்டாவது கேள்வி: நாமும் எல்லாவற்றுக்கும் போட்டால்? இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். மதுரை ரப்பர் பட்டறைகளைப் பார்த்ததால் வந்த பிடிவாதம். கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் வாஷர், புஷ், ஓ-ரிங் அடிக்கும் சின்ன மோல்டிங் யூனிட்டுகள் நிறைய. அவர்களுக்கு மூலப்பொருள் இயற்கை ரப்பர். அதன் இறக்குமதி வரி 25% அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இதில் எது குறைவோ அது. கலவை ரப்பருக்கும் 2023 பட்ஜெட்டில் 10%-இலிருந்து அதே அளவுக்கு உயர்த்தினார்கள். வெளிநாட்டில் செய்து முடித்து வரும் வாஷருக்கு வரி இதைவிடக் குறைவு, ஆசியான் (தென்கிழக்கு ஆசிய) ஒப்பந்த நாடுகளிலிருந்து வந்தால் இன்னும் குறைவு.

கணக்குக்கு ஒரு வாஷர் பெட்டியின் உலக விலை 100, அதில் ரப்பர் 60 என்று வையுங்கள். பட்டறைக்காரர் கையில் கூலி, கரண்ட், லாபத்துக்கு 40 நிற்கும். இப்போது ரப்பருக்கு 20% வரி, வாஷருக்கு 10% வரி. ரப்பர் 72 ஆகும். வாஷரை 110-க்கு விற்கலாம். மிச்சம் 38. இரண்டுக்கும் வேலி போட்டும் அவர் கையில் 2 ரூபாய் குறைந்துவிட்டது. இவர் உள்ளூர் ரப்பர்தானே வாங்குகிறார் என்பீர்கள். உள்ளூர் விலையும் இறக்குமதி விலையோடு வரியைச் சேர்த்த உயரத்தை ஒட்டித்தான் நிற்கும். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் விவசாயியைக் கேட்டால் இந்த வரி போதாது என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒருவருக்கு விளைச்சலாக இருப்பது இன்னொருவருக்கு மூலப்பொருள். எல்லாவற்றுக்கும் வரி என்றால் எல்லோர் மூலப்பொருளுக்கும் வரி என்று அர்த்தம்.

பருத்தியிலும் இதேதான். 2021 பட்ஜெட்டிலிருந்து பருத்தி இறக்குமதிக்கு 11% வரி இருந்தது. மதுரை, திண்டுக்கல், ராஜபாளையம் வட்டாரத்து நூற்பாலைகள் வருடக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தன. அமெரிக்கா 50% என்று அறிவித்த பிறகு, 2025 ஆகஸ்ட் 19-இல் அதை நிறுத்திவைத்தார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். அடுத்தவன் வரி போட்ட பிறகு நம் வரியே நம் மில்லைக் கடிக்கிறது என்பது டெல்லிக்கு உறைத்தது.

இதற்கும் கீழே ஒரு சூட்சுமம் உண்டு. ஆபா லெர்னர் என்ற பொருளாதார அறிஞர் 1936-இல் சொன்னது. எல்லா இறக்குமதிக்கும் போடும் வரி, சுற்றி வந்து எல்லா ஏற்றுமதிக்கும் போட்ட வரியாகிவிடும். இறக்குமதி குறைந்தால் டாலருக்குத் தேவை குறையும், ரூபாய் தன் நிலையைவிட உயரமாக நிற்கும், அதே 1 டாலருக்கு ஏற்றுமதியாளர் கையில் குறைந்த ரூபாய் வரும். நாம் இதைச் செய்தே பார்த்தோம். சுதந்திரம் வந்த சமயத்தில் உலக ஏற்றுமதியில் இந்தியாவின் பங்கு சுமார் 2%. லைசென்ஸும் உயர்ந்த வரியுமாக ஓட்டி, 1980-களில் அது அரை சதவீதத்துக்கு வந்திருந்தது. உலகமும் வேகமாக வளர்ந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். 1991-இல் உச்ச வரி 300%-க்கு மேல் இருந்தது. மன்மோகன் சிங் அந்த வருட பட்ஜெட்டில் உச்சத்தை 150% ஆக்கினார். 150% என்பதே சீர்திருத்தமாக இருந்த காலம்! சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த டேப் ரெக்கார்டரைத் தெருவே வந்து பார்த்தது எங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

பழிக்குப் பழி என்பதை அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1930-இல் அமெரிக்கா ஸ்மூட்-ஹாலி சட்டத்தில் ஏராளமான சரக்குகளுக்கு வரியை உயர்த்தியது. கையெழுத்துப் போடாதீர்கள் என்று 1,028 பொருளாதார அறிஞர்கள் எழுதிக் கேட்டார்கள். ஜனாதிபதி ஹூவர் போட்டார். கனடா முதலில் திருப்பிப் போட்டது, மற்றவர்களும் போட்டார்கள். சில வருடங்களில் உலக வர்த்தகத்தின் மதிப்பு மூன்றில் ஒரு பங்கானது. அப்போது உலகையே அழுத்திய பொருளாதாரப் பெருமந்தம்தான் பெரிய காரணம், வரி அதை இன்னும் ஆழமாக்கியது.

வரியும் தடையும் எப்போதும் தப்பு என்று நான் சொல்லவரவில்லை. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிப் பக்கம் பாருங்கள். மழை பொய்த்த கரிசல் காட்டில் தீப்பெட்டி ஒட்டித்தான் பெண்கள் வீட்டை ஓட்டுகிறார்கள். மலிவு லைட்டர் வந்து அதை அடித்தது. 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் கீழே உள்ள சிகரெட் லைட்டரின் இறக்குமதியைத் தடை செய்தார்கள். உடனே உதிரிபாகமாக வரவழைத்து இங்கே பூட்டி விற்றார்கள். 2024 அக்டோபரில் உதிரிபாகத்தையும் தடுத்தார்கள். இதை நான் ஆதரிக்கிறேன். ஒரே ஒரு சரக்கு. வாங்குகிறவருக்கு நஷ்டம் ரொம்பச் சின்னது, இரண்டு ரூபாய்த் தீப்பெட்டி கையிலேயே இருக்கிறது. பயன் போய்ச்சேரும் இடமும் கண்ணுக்குத் தெரிகிறது. லைட்டர் வேறு எந்தத் தொழிலுக்கும் மூலப்பொருள் இல்லை. இந்த நான்கும் பொருந்துகிற சரக்கு எத்தனை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இனி அப்பாவுக்கு. டின் வாங்கி அடுக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். வரி ஏறப்போகிறது என்று மார்க்கெட்டில் யார் சொன்னாலும் அவருக்கும் தெரியாது. 2024-இல் அறிவிப்பு இரவில் வந்து காலையில் அமலானது. கூடியதுபோலவே குறையவும் செய்யும். 2025 மே மாதம் குறைந்ததுபோல் குறைந்தால், குடோன் நிறைய வைத்திருப்பவர் நஷ்டத்தில் விற்கவேண்டி வரும். பாமாயில் டின்னை மாதக்கணக்கில் வெயில் அடிக்கும் தகரக் கொட்டகையில் வைத்தால் சிக்கு வாடை வேறு வரும். கார்த்திகைக்குக் கூடுதலாகத் தேவைப்படும் இரண்டு, மூன்று டின்னை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். கடன் சொல்லி எடுக்காமல் ரொக்கத்துக்குக் கேட்டால் டின்னுக்கு இருபது, முப்பது ரூபாய் குறைப்பார்கள். இன்றைய நிலையில் அது ஒன்றுதான் நிச்சயமான லாபம்.